உடன் உறங்குபவர் சான்று

உறக்கம் என்பது யாது என்னும் வினாவிற்கு, உழைப்பாளர் உறக்கநல வாரியத்தின் கையேடு மூன்றாம் பிரிவில் ஐயத்திற்கு இடமின்றி விடை கூறுகிறது. இரவு ஒன்பது மணி முதல் காலை ஆறு மணி வரை மனிதன் கண்மூடிக் கிடப்பது உறக்கம். ஏனைய பொழுதில் கிடப்பது ஓய்வு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதும் பிழையைப் பொதுமக்கள் தொடர்ந்து செய்து வருவதாக அடிக்குறிப்பு ஒன்று வருத்தம் தெரிவிக்கிறது.

அப்பிழையைச் செய்து வந்தவர்களுள் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தைச் சேர்ந்த கங்காதரனும் ஒருவர். நாற்பத்தெட்டு வயதினர், மெலிந்த உடலும் உள்வாங்கிய தாடையும் உடையவர். இருபத்தாறு ஆண்டுகளாக ஃபைபர் படகில் எஞ்சின் பிடிப்பது அவருடைய தொழில். மாலையில் கடலுக்குச் சென்று விடியலில் திரும்புவார். பகல் பத்து மணிக்கு மேல், கடற்கரைச் சாலையோரம் மீன் விற்கும் தம் மனைவி அந்தோணியம்மாளின் கடைக்குப் பின்புறம், மணலில் மல்லாந்து உறங்குவார். வாரியத்தின் மொழியில் கூறுவதாயின், ஓய்வெடுப்பார்.

சென்ற மாதம் ஒரு விடியலில், படகு கரை திரும்புகையில், கை எஞ்சின் பிடியில் இருக்கத் தலை மார்பில் விழுந்து அவர் உறங்கிப் போனார். படகு அலைத்தடுப்புக் கற்களை நோக்கிப் பாய்ந்தது. முன்முனையில் நின்றிருந்த கிஷோர், அந்தோணியம்மாளின் தம்பி, தூக்கி எறியப்பட்டுக் கடலில் விழுந்தான். சுழன்றுகொண்டிருந்த எஞ்சின் விசிறி அவனுடைய முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளிக் கடந்து சென்றது.

கரையேறிய கிஷோர் முழங்காலைத் தடவிப் பார்த்தான். பிறகு சொன்னான்: "மாமா, உன்மேல எனக்குக் கோவம் இல்ல. பயம்தான் கீது. டாக்டராண்ட போ. அமாவாசைக்குள்ள சரி பண்ணிக்கினு வா. இல்லாங்காட்டி நான் வேற போட்டுக்குப் பூடுவேன்."

எஞ்சின் பிடிக்கக் கிஷோருக்கு இன்னும் கை வரவில்லை. வலை இழுக்கக் கிஷோரை விட்டால் கங்காதரனுக்கு வேறு ஆளில்லை. படகு மணலில் ஏறி நின்றது.

அரசு மருத்துவமனையில் சிம்ரா என்னும் இளம் மருத்துவர், கங்காதரனின் விரலிலும் மூக்கிலும் சிறு கருவிகளைப் பொருத்திப் பகலில் உறங்கச் செய்து பார்த்தார். மணிக்கு நாற்பத்தொரு முறை மூச்சு நின்றது.

"தூங்கும்போது உங்க தொண்டை மூடிக்குதுங்க. மூளை பயந்து உங்களை எழுப்பி விடுது. நீங்க தூங்கினதா நெனைக்கிறீங்க, ஆனா தூங்கவே இல்ல. அதான் எஞ்சின்ல கண்ணு சொக்குது" என்று அவர் விளக்கினார். முகமூடி வழியே காற்றை ஊதித் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும் இயந்திரம் ஒன்று உண்டென்றும், அதை உறக்கநல வாரியம் இலவசமாகத் தருகிறதென்றும் எழுதிக் கொடுத்தார். "அதைப் போட்டுக்கிட்டுத் தூங்குங்க, சரியாயிடும். அது வர்ற வரைக்கும் எஞ்சினைத் தொடாதீங்க."

வாரியம் தேனாம்பேட்டையில், அண்ணா சாலைக் கட்டடம் ஒன்றின் மூன்றாம் தளத்தில் இயங்கியது. மின்தூக்கி இயங்கவில்லை. கணவனும் மனைவியும் படியேறிச் சென்றபோது, கண்காணிப்பாளர் இனாயத் படிவத்தை விரித்து வைத்துக்கொண்டு வினவத் தொடங்கினார்.

"ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கப் போவே?"

"ராத்திரி நான் தூங்கினா மீனை யாரு சார் புடிப்பா?"

"அப்ப எப்பத்தான் தூங்குவே?"

"காலைல பத்து மணிக்கு மேல. இவ கடையாண்ட."

இனாயத் பேனாவை மூடி வைத்தார். "அது தூக்கம் இல்லப்பா, ஓய்வு. உனக்கு ஓய்வுல மூச்சு நிக்குது. நாங்க தூக்கத்துல நிக்கிறவங்களுக்குத்தான்."

"ஓய்வுல நிக்கிறவங்க எங்க சார் போணும்?"

"அதுக்கு இன்னும் வாரியம் வெக்கல. எங்க தலைவர் மேல எழுதியிருக்காரு."

அந்தோணியம்மாள் குறுக்கிட்டார்: "மூச்சு இன்னா மணி பாத்துக்கினா சார் நிக்குது?"

"மூச்சு பாக்காதும்மா. ஆடிட்டு பாக்கும்."

எனினும் இனாயத் இரக்கமற்றவர் அல்லர். ஆறாம் எண் படிவத்தை எடுத்து நீட்டினார். அது உடன் உறங்குபவர் சான்று. விண்ணப்பதாரருடன் ஒரே வேளையில் ஒரே இடத்தில் உறங்கும் ஒருவர், மூச்சு நின்றதைத் தாம் நேரில் கேட்டதாகக் கையொப்பமிட வேண்டும்.

"நீதானேம்மா சம்சாரம்? போடு கையெழுத்து."

"நான் எங்க சார் கூடத் தூங்குறேன்? அவரு தூங்கசொல்லோ நான் மீன் விக்கிறேன். நான் தூங்கசொல்லோ அவரு கடல்ல கீறாரு. கண்ணாலம் ஆன நாளா இப்டித்தான்."

"மூணு புள்ளைங்கன்னு எழுதியிருக்கே?"

"அது தூங்கினாவா சார் பொறக்குது?"

இனாயத் சுவரில் தொங்கிய நாட்காட்டியைச் சிறிது நேரம் உற்று நோக்கினார். பிறகு, மூச்சு நிற்பது மனைவிக்கு எவ்வாறு தெரியும் என்று கேட்டார். அந்தோணியம்மாள் விளக்கினார். வாடிக்கையாளரிடம் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் கேட்கும் குறட்டையில் ஒரு காதை வைத்திருப்பார். குறட்டை நின்றால் மனத்துக்குள் எண்ணத் தொடங்குவார். பத்தைத் தாண்டினால், மீன் பெட்டியிலிருந்து ஒரு துண்டு ஐஸை எடுத்துத் திரும்பிப் பாராமலே எறிவார். அது கங்காதரனின் கழுத்தில் விழும். மூச்சு வரும்.

"இதுக்காகத்தான் ஊட்டுல தூங்க உடறதில்ல. ஊட்டுல யாரு எண்ணுவா?"

"ஐஸ் நம்ம சிகிச்சைப் பட்டியல்ல இல்லியேம்மா" என்றார் இனாயத். "அதோட நீ முழிச்சிக்கினு கேட்டிருக்கே. முழிச்சிக்கினு இருந்தா உடன் உறங்குபவர் ஆக முடியாது."

"தூங்கிக்கினு இருந்தா எப்டி சார் கேக்கும்?"

"அதைத்தான் குழு ஆறு வருஷமா யோசிச்சிக்கினு இருக்கு."

இயந்திரத்தை அடைவதற்கு முன், வாரியம் படிமுறை என்னும் ஒழுங்கை வகுத்திருந்தது. முதற்படி, ஒருக்களித்துப் படுத்தல். இரண்டாம் படி, எடை குறைத்தல். மூன்றாம் படி, கீழ்த்தாடையை முன்னே இழுக்கும் பற்கருவி. ஒவ்வொரு படியிலும் தோல்வியுற்று, தோல்விச் சான்று பெற்றவர் மட்டுமே நான்காம் படியாகிய இயந்திரத்தைத் தொடலாம். மருத்துவர் சிம்ராவின் கடிதத்தை இனாயத் படித்துவிட்டு, அது நேராக நான்காம் படியில் ஏறி நிற்பதால் ஏற்பதற்கில்லை என்று திருப்பிக் கொடுத்தார்.

முதற்படிக்காக, முதுகுப்புறம் ஒரு பந்து தைக்கப்பட்ட பனியன் வழங்கப்பட்டது. மல்லாந்தால் பந்து உறுத்தும். உறங்குபவர் தாமே ஒருக்களிப்பார். டென்னிஸ் பந்து வைக்க வேண்டிய இடத்தில், கொள்முதல் ஆணையில் வெறும் பந்து என்றிருந்தமையால், ஒப்பந்ததாரர் கார்க் பந்து வைத்துத் தைத்திருந்தார். கங்காதரன் அதை அணிந்து மணலில் படுத்தார். பந்து மணலில் தனக்கொரு குழி பறித்துக்கொண்டு அமிழ்ந்தது. அவர் முன்னினும் வசதியாக மல்லாந்து உறங்கினார். அன்று அந்தோணியம்மாள் பதினான்கு துண்டு ஐஸ் எறிந்தார்.

இரண்டாம் படியில், உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைக்குமாறு ஆணை வந்தது. கங்காதரனின் எடை ஐம்பத்தெட்டு கிலோ.

"எதைக் குறைக்கச் சொல்றே சார்? எலும்பையா?" என்று கேட்டார் அந்தோணியம்மாள்.

"குண்டா இருக்கிறவங்களுக்குத்தான் இந்தப் படி. ஆனா இவரு குண்டு இல்லன்னு மெய்ப்பிக்கணும்னா குறைச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

எடை குறையவில்லை என்னும் தோல்விச் சான்றோடு ஏறிய மூன்றாம் படியில் பற்கருவி கிடைத்தது. சிறிது, நடுத்தரம், பெரிது என்னும் மூவகையுள் கையிருப்பில் பெரிது மட்டுமே இருந்தது. அது வாய்க்கு வெளியே ஒரு விரற்கடை நீண்டு நின்றது. உறங்கும் கங்காதரனின் வாயில் ஏதோ மீன் துள்ளுவதாகக் கருதிய காகம் ஒன்று, இரண்டாம் நாளே அதைப் பறித்துச் சென்றது. அரசுப் பொருள் களவு போனமைக்குக் காவல் நிலையப் புகார் நகல் கேட்டார் இனாயத்.

"இன்னான்னு எழுதிக் குடுக்கிறது? காக்கா மேலயா கேஸு?"

"அடையாளம் தெரியாத காக்கைன்னு எழுது. போதும்."

இதற்கிடையே, வாரியம் மதிக்கும் வேளையில் உறங்கிக் காட்டிவிடலாம் என்றெண்ணிக் கங்காதரன் மூன்று இரவுகள் வீட்டில் படுத்துப் பார்த்தார். மூன்று இரவுகளும் கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். இருள் சூழ்ந்தவுடன் அவருடைய கண்கள் தாமே அகன்று, தொலைவில் கப்பல் விளக்கு தெரிகிறதா என்று தேடத் தொடங்கின. பகல் வந்ததும், தேநீர்க் கடையில் குவளையைக் கையில் பிடித்தவாறே உறங்கிப் போனார்.

கிஷோர் நாள்தோறும் மாலையில் வந்து, மணலில் நிற்கும் படகைச் சுற்றி நடந்துவிட்டுப் போனான். எதுவும் கேட்கவில்லை. அமாவாசைக்கு முந்தின நாள் மட்டும் காலையிலேயே வந்து, "இன்னா மாமா, நாளைக்கா?" என்றான். கங்காதரன், "இன்னிக்குக் கமிட்டி கீதுடா" என்றார்.

சிகிச்சைத் தேர்வுக் குழு முற்பகல் பதினொரு மணிக்குக் கூடியது. தலைவர் முனைவர் ரகுபதி. அவருடைய முனைவர் பட்டம் நூலக அறிவியலில் பெறப்பட்டது. பருத்த கழுத்தும் அகன்ற உடலும் உடைய அவர், உறுப்பினர் நால்வர் இருபுறமும் அமர, தொடக்கவுரை ஆற்றினார்.

"இவ்வாரியம் தொடங்கி ஆறு ஆண்டுகள் நிறைவுறுகின்றன. ஒன்பது இயந்திரங்கள் வாங்கினோம். இன்றுவரை ஒன்றுகூடப் பழுதாகவில்லை. உறைகூடப் பிரியவில்லை. எந்த நிறுவனம் இவ்வாறு மார்தட்ட முடியும்?"

உறுப்பினர்கள் மேசையைத் தட்டினர்.

"சிலர் கேட்கிறார்கள், நோயாளிக்கு நேரடியாக இயந்திரம் கொடுத்தால் என்ன என்று. கொடுக்கலாம். ஆனால் பிறகு முதல் மூன்று படிகளின் கதி என்ன? அவற்றுக்கு ஊழியர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குக் குடும்பங்கள் இருக்கின்றன. நோயாளியின் மூச்சை மட்டும் பார்த்தால் போதுமா? நிறுவனத்தின் மூச்சையும் பார்க்க வேண்டாமா?"

கங்காதரன் கைகூப்பி எழுந்தார். "ஐயா, நாளைக்கு அமாவாசை. மிஷின் இல்லன்னா மச்சான் என்னை உட்டுட்டுப் பூடுவான். போறதுகூடப் பரவால்ல. அவன் கூட வந்து, நான் தூங்கிட்டேன்னா இன்னா பண்றது? ஒரு தபா தப்பிச்சிக்கினான்."

தலைவர் கண்களை மூடி ஆழ்ந்து சிந்தித்தார். "உணர்ச்சிக்கு இங்கே இடமில்லை. ஆயினும் வாரியம் மனிதநேயம் மிக்கது. விதி பதினான்கின்படி, குழு தன் முன்னிலையிலேயே விண்ணப்பதாரரை உறங்கச் செய்து நேரில் காணலாம்."

"ஐயா, உறக்கம் இரவில்தானே?" என்று இனாயத் நினைவூட்டினார்.

"அதே விதியின் உட்பிரிவு மூன்றின்படி, குழு இப்பொழுதை இரவு என அறிவிக்கிறது. எழுதிக்கொள்ளுங்கள்."

முற்பகல் 11.40 மணிக்கு இரவு தொடங்கியது என இனாயத் நடவடிக்கைக் குறிப்பில் பதிந்தார். திரைகள் இழுக்கப்பட்டன. விளக்குகள் அணைக்கப்பட்டன. இனாயத்தின் கைப்பேசி மட்டும் குறிப்பேட்டின் மீது மங்கலாக ஒளிர்ந்தது. தண்ணீர்ப் புட்டிகள் ஓரத்திற்கு நகர்த்தப்பட, கங்காதரன் நீண்ட மேசையின் நடுவே மல்லாத்தப்பட்டார். அந்தோணியம்மாள் மூலையில் ஒரு நாற்காலியில் அமர்ந்தார்.

"உறங்குக" என்றார் தலைவர்.

இருள் கவிந்ததும் கங்காதரனின் கண்கள் அகன்றன. மூன்று வாரங்களாகத் தேநீர்க் கடையிலும் பேருந்திலும், இதே அலுவலகத்தின் வரிசையிலும் தம்மைக் கேளாமல் வந்து விழுந்த உறக்கத்தை, அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அழைத்துப் பார்த்தார். அது வரவில்லை. வலக்கை தானாக நீண்டு எஞ்சின் பிடியைத் தேடியது. ஒரு புட்டி அகப்பட்டது.

"ஐயா, இருட்டிச்சின்னா எனக்கு முழிப்புதான் வரும்..."

"பேசக்கூடாது. இரவு."

குளிர்பதனப் பெட்டி சீராக முனகியது. கங்காதரன் கண்களை இறுக மூடினார். கிஷோரின் முழங்கால் தெரிந்தது. மீண்டும் திறந்தார். கால் மணி நேரம் கழிந்தபோது, இடப்புறத்து உறுப்பினரின் மூச்சு நீண்டது. அடுத்து வலப்புறத்தவர் இருவரும் ஒரே சுருதியில் இணைந்தனர். நான்காமவரின் பேனா தரையில் விழுந்தது, அவர் எடுக்கவில்லை. இறுதியாகத் தலைமை இருக்கையிலிருந்து, கருங்கல்லை இழுத்துச் செல்வது போன்ற ஒலி எழுந்தது. அது உயர்ந்தது, உடைந்தது, நின்றது.

மூலையிலிருந்து, பழக்கத்தின் வழியே, ஒரு குரல் மெதுவாகக் கேட்டது. "ஒண்ணு. ரெண்டு. மூணு."

கங்காதரன் தலையை உயர்த்தினார். தலைவரின் வாய் திறந்திருந்தது. மார்பு அசைந்தது, காற்று மட்டும் போகவில்லை.

"பத்து. பதினொண்ணு." அந்தோணியம்மாளின் கை, இல்லாத ஐஸ் பெட்டியை மடியருகே துழாவியது. "யோவ், பதினஞ்சு ஆயிடுச்சியா!"

"சார், எயுப்பு சார்!" என்று கங்காதரன் இனாயத்தைப் பார்த்துச் சொன்னார்.

"குழு கூடியிருக்கசொல்லோ தலைவரைத் தொடறதுக்கு எனக்கு அதிகாரம் இல்லப்பா" என்றார் இனாயத்.

"இருவத்தி ரெண்டு. இருவத்தி மூணு."

கங்காதரன் மேசைமீது முழந்தாளிட்டு எழுந்து, கையில் அகப்பட்ட குளிர்ந்த புட்டியைத் திறந்து, முழுவதையும் தலைவரின் கழுத்தில் கவிழ்த்தார். இருபத்தாறில் பெரும் கேவலோடு மூச்சு வந்தது. விளக்குகள் எரிந்தன. உறுப்பினர் நால்வரும் விழித்து, வழக்கப்படி மேசையைத் தட்டினர்.

தலைவர் நனைந்த சட்டையைப் பிழிந்தார். பின்னர் நடந்ததை வாசிக்கச் சொன்னார். இனாயத் வாசித்தார். இரவில், குழு கூடியிருக்கையில், ஒருவருக்கு மூச்சு நின்றது. அதே வேளையில் அதே இடத்தில் உறுப்பினர் நால்வர் உடன் உறங்கியிருக்கிறார்கள். விழித்திருந்த பெண்மணி ஒருவர் இருபத்தாறு வரை எண்ணியிருக்கிறார். உடன் உறங்குபவர் வேறு, கேட்டவர் வேறு. இருவரும் ஒரே அறையில் இருந்தமையால் ஆறாண்டுச் சிக்கல் தீர்ந்தது.

குழு நெகிழ்ந்தது. நால்வரும் ஆறாம் எண் படிவத்தில் கையொப்பமிட்டனர். முழங்கால் வலியால் தலைவர் படி ஏறக்கூடாதென மருத்துவர் கூறியிருந்தமையைக் கருத்திற்கொண்டு, அவருக்குப் படிமுறை தளர்த்தப்பட்டது. வாரிய வரலாற்றில் முதல் இயந்திரத்தின் உறை அன்று பிரிக்கப்பட்டது. தலைவர் அதைத் தடவிப் பார்த்து, "நல்ல பொருள்தான்" என்றார்.

"எனக்குங்கய்யா?" என்றார் கங்காதரன்.

"உம்மையும் மறக்கவில்லை. இரவு 11.40 முதல் 12.25 வரை நீர் ஒரு கணமும் கண்ணயரவில்லை என்பதைக் குழு நேரில் கண்டது. இரவில் உறங்காதவருக்கு உறக்க நோய் ஏது?"

முத்திரையிட்ட தாள் ஒன்று அவர் கையில் வந்தது. இரவு விழிப்புத் தகுதிச் சான்று. படகு செலுத்த முற்றிலும் தகுதியுடையவர் என்று அதில் எழுதியிருந்தது.

படியில் இறங்கும்போது இனாயத் பின்னால் ஓடிவந்தார். "அடுத்த கமிட்டி ஆறு மாசம் கழிச்சிப்பா. அதுவரைக்கும் இந்தம்மாவைக் கடலுக்குக் கூட்டிக்கினு போ. அரே, நல்லா எண்ணுது."

"எண்றதுக்கு நானு, தூங்கறதுக்கு ஒரு வாரியமா?" என்று சொல்லிவிட்டு அந்தோணியம்மாள் நடந்தார்.

அமாவாசையன்று மாலை நான்கு மணிக்குக் கிஷோர் படகருகே நின்று சான்றை இருமுறை படித்தான்.

"உனக்குத் தூக்கமே வராதுன்னு போட்டுக்கீது மாமா."

"ஆமாடா."

"கவருமெண்டு சீலெல்லாம் கீது."

"கீது."

"வருமா, வராதா?"

கங்காதரன் கடலைப் பார்த்தார். வராது என்ற ஒரு சொல் போதும். கிஷோர் படகில் ஏறிவிடுவான். "வரும்டா" என்றார். "விடிகாலைல கண்டிப்பா வரும்."

கிஷோர் சான்றை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். போகவும் இல்லை, ஏறவும் இல்லை. அந்தோணியம்மாள் கடையிலிருந்து நைலான் கயிற்றுச் சுருள் ஒன்றை எடுத்து வந்தார். ஒரு முனையைக் கணவரின் மணிக்கட்டில் கட்டினார். மறுமுனையைத் தம்பியின் கையில் திணித்தார்.

"நிறுத்தாம எண்ணிக்கினே இரு. பத்துக்கு ஒரு தபா இழு. அவரு திருப்பி இழுத்தா முழிச்சிக்கினு கீறாரு. இழுக்கலன்னா, ஐஸ் பொட்டி உன் காலாண்ட கீது, தூக்கிக் கவுத்துடு."

"விடிய விடியவாக்கா?"

"நான் எத்தினி வருசமாடா எண்ணிக்கினு கீறேன்? ஒரு ராத்திரி நீ எண்ணு."

கிஷோர் கயிற்றைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டான். "பதில் வந்தா கையைத் தூக்குறேன்க்கா. கண்ணுக்குத் தெரியிற வரைக்கும் பாத்துக்கோ."

இருவரும் படகைத் தள்ளி ஏறினர். எஞ்சின் உறுமியது. முதல் அலை, இரண்டாம் அலை. மூன்றாம் அலையைத் தாண்டியதும், முன்முனையில் நின்ற கிஷோர் கயிற்றை இழுப்பது கரையிலிருந்து தெரிந்தது. எஞ்சினருகே கங்காதரன் குனிந்திருந்தார். எரிபொருளைப் பார்க்கக் குனிந்தாரா, தலை விழுந்ததா என்று தெரியவில்லை.

ஒண்ணு, ரெண்டு, மூணு. வாடிக்கையாளர் ஒருவர் வஞ்சிரம் என்ன விலை என்று கேட்டார். அந்தோணியம்மாள் விடை கூறவில்லை. ஆறு, ஏழு. அவருடைய கை ஐஸ் பெட்டிக்குள் போயிற்று. எட்டு.

ஒன்பதில் கிஷோரின் கை உயர்ந்தது.

அந்தோணியம்மாள் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினார்.